ஆர். நரசிம்மன்

ரங்கசாமி நரசிம்மன் (ஏப்ரல் 17, 1926 – செப்டம்பர் 3, 2007) சென்னையில் பிறந்த இந்தியக் கணினி அறிவியலாளர் ஆவார். இந்தியாவிலேயே வடிவமைத்துக் கட்டப்பட்ட முதல் கணினியான டிஃப்ராக்கை உருவாக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர் இவரே. இந்தியாவில் கணினி அறிவியல் ஆய்வின் தந்தை என்று பலராலும் கருதப்படுகிறார். 1977 ஆம் ஆண்டில் பத்மசிறீ விருது பெற்றார்.

டிஃப்ராக்கைக் கொண்டே இவரை அறிந்தவர்கள் பலர். எனினும் இவரது ஆய்வு வாழ்வின் பெரும்பகுதி கணினியைக் கட்டுவதில் கழியவில்லை. கணினியிடம் எதை, எந்த மொழியில் சொல்வது என்னும் கேள்வியிலேயே கழிந்தது. ஒன்றன்பின் ஒன்றாகக் கட்டளைகளை நிறைவேற்றும் ஒற்றைச் செயலிக்கு நிரல் எழுதுவது ஒரு வகை. ஒரே நேரத்தில் இயங்கும் பல செயலிகளுக்கு நிரல் எழுதுவது முற்றிலும் வேறு வகை. இந்த இரண்டாம் வகைச் சிக்கலை 1960களின் தொடக்கத்திலேயே நேரில் எதிர்கொண்ட மிகச் சில இந்தியர்களுள் நரசிம்மனும் ஒருவர். ஆகவே இக்கட்டுரை அவரது வாழ்வின் அப்பகுதிக்குக் கூடுதல் இடம் தருகிறது.

கல்வி

நரசிம்மன் கிண்டி பொறியியற் கல்லூரியில் தொலைத்தொடர்புப் பொறியியல் பயின்றார். பின்னர் அமெரிக்கா சென்று, கலிபோர்னியா தொழில்நுட்பக் கழகத்தில் மின்பொறியியலில் முதுநிலைப் பட்டமும், இந்தியானா பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டமும் பெற்றார். பொறியாளராகத் தொடங்கிக் கணிதவியலாளராக முடிந்த இக்கல்விப் பாதை அவரது பிற்காலப் பணியைப் புரிந்துகொள்ள உதவும். மின்சுற்றுகளை அறிந்தவர் என்பதால் பொறியை அவர் மாயப்பெட்டியாகக் காணவில்லை. கணிதம் அறிந்தவர் என்பதால் பொறியோடு நின்றுவிடவும் இல்லை.

1954 ஆம் ஆண்டில் நாடு திரும்பி, ஓமி பாபா நிறுவியிருந்த டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் சேர்ந்தார். அக்கழகம் அப்போது பம்பாய் என வழங்கிய மும்பையில் உள்ளது.

டிஃப்ராக்

அக்காலத்தில் இந்தியாவில் கணினி என்பது அரிய பொருள். கொல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் கழகம் 1955 இல் பிரித்தானியாவிலிருந்து ஒரு கணினியை வாங்கி நிறுவியது. டாட்டா கழகமோ தானே ஒன்றைக் கட்டுவது என்று முடிவு செய்தது. முதலில் சோதனைப் பொறி ஒன்று உருவாக்கப்பட்டு 1956 இல் இயங்கியது. அதில் பெற்ற அனுபவத்தைக் கொண்டு முழு அளவிலான பொறி கட்டப்பட்டு 1960 இல் பயன்பாட்டுக்கு வந்தது. அப்போதைய பிரதமர் சவகர்லால் நேரு அதற்கு டிஃப்ராக் எனப் பெயரிட்டார். கழகத்தின் ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளோடு தானியங்கிக் கணிப்பான் என்பதன் ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்து அமைந்த பெயர் அது.

டிஃப்ராக்கில் 2,700 வெற்றிடக் குழல்களும், 1,700 செருமேனியம் இருமுனையங்களும், 12,500 மின்தடைகளும் இருந்தன. இவை 18 அடி நீளமும் 8 அடி உயரமும் கொண்ட எஃகுச் சட்டகத்தில் பொருத்தப்பட்டிருந்தன. நினைவகம் பெரைட்டு வளையங்களால் ஆனது; 40 இருமங்கள் கொண்ட 2,048 சொற்களை அது கொள்ளும். இன்றைய அளவையில் சொன்னால் 10 கிலோபைட்டு மட்டுமே. இக்கட்டுரையின் எழுத்துகளைக்கூட அதில் முழுமையாகச் சேமிக்க இயலாது. ஆனால் பெரைட்டு நினைவகம் அன்று உலக அளவிலேயே புதிய தொழில்நுட்பம் என்பதை மறக்கலாகாது. எதிர்மின் கதிர்க்குழாய்த் திரை ஒன்றும் இணைக்கப்பட்டிருந்தது. வரைபடங்களையும் எழுத்துகளையும் அதில் காட்டமுடிந்தது.

பொறியின் அடிப்படை அமைப்பு, ஜான் வான் நியூமன் பிரின்சுடனில் வகுத்த மாதிரியைத் தழுவியது. நினைவகத்திலிருந்து ஒரு கட்டளையை எடுப்பது, அதை நிறைவேற்றுவது, அடுத்த கட்டளையை எடுப்பது என்பதே அம்மாதிரி. எத்தனை விரைவாக இயங்கினாலும் ஒரு நேரத்தில் ஒரு செயல் மட்டுமே நடக்கும்.

டிஃப்ராக் முழுமை பெற்றபோது மேலைநாடுகளில் வெற்றிடக் குழல்களின் இடத்தைத் திரிதடையங்கள் பிடித்துக்கொண்டிருந்தன. 1964 இல் டாட்டா கழகத்துக்கு அமெரிக்காவின் கண்ட்ரோல் டேட்டா நிறுவனத்தின் 3600 வகைக் கணினி வந்து சேர்ந்தது. டிஃப்ராக் 1965 வரை பயன்பட்டு ஓய்வு பெற்றது. பல ஆண்டு உழைப்பில் உருவான பொறி சில ஆண்டுகளிலேயே பழையதாகிவிட்டது என்பது உண்மைதான். ஆனால் அதைத் தோல்வி என்று மதிப்பிடுவது பொருந்தாது. கணினியின் உள்ளமைப்பை அடிமுதல் நுனிவரை அறிந்த ஒரு குழு இந்தியாவில் உருவானது இப்பொறியால்தான்.

இல்லினாய்சில்: 1,024 செயலிகள்

டிஃப்ராக் இயங்கத் தொடங்கிய சிறிது காலத்தில், 1961 ஆம் ஆண்டில், நரசிம்மன் இல்லினாய்சு பல்கலைக்கழகத்தின் இலக்கமுறைக் கணினி ஆய்வகத்துக்கு வருகைதரு அறிவியலாளராகச் சென்றார். 1964 வரை அங்கே இருந்தார். அங்கு புரூசு மக்கார்மிக்கின் தலைமையில் இல்லியாக்-3 என்னும் கணினி திட்டமிடப்பட்டுக்கொண்டிருந்தது. அது முந்தைய கணினிகளைப் போன்றதன்று.

அதன் தேவை அணு இயற்பியலிலிருந்து எழுந்தது. அணுத்துகள்கள் குமிழி அறை எனப்படும் கருவியில் நீர்மத்தின் ஊடே பாயும்போது நுண்ணிய குமிழிகளின் வரிசையைத் தடமாக விட்டுச் செல்கின்றன. அத்தடங்கள் ஒளிப்படமாக எடுக்கப்படும். ஒரு சோதனையில் இலட்சக்கணக்கான படங்கள் சேரக்கூடும். ஒவ்வொரு படத்தையும் மனிதர் கண்ணால் பார்த்து, எங்கே ஒரு தடம் இரண்டாகப் பிரிகிறது, எங்கே வளைகிறது, எங்கே முடிகிறது என்று குறிக்க வேண்டியிருந்தது. இவ்வேலையைப் பொறியிடம் ஒப்படைக்க இயலுமா என்பதே கேள்வி.

ஒற்றைச் செயலி கொண்ட கணினிக்கு இது கடினமான வேலை. 32 வரிசையும் 32 நிரலும் கொண்ட சிறு படத்தில்கூட 1,024 புள்ளிகள் உள்ளன. ஒரு புள்ளி தடத்தைச் சேர்ந்ததா, வெறும் கறையா என்று முடிவு செய்ய அதைச் சூழ்ந்த எட்டுப் புள்ளிகளையும் பார்க்க வேண்டும். இதையே 1,024 முறை திரும்பச் செய்ய வேண்டும். அது முடிந்தால்தான் அடுத்த படிநிலைக்குச் செல்லலாம்.

இல்லியாக்-3 இன் மையப் பகுதி இதற்கு நேரடியான விடையைத் தந்தது. 32க்கு 32 என்ற கட்டங்களில் 1,024 சிறு செயலிகளை அடுக்கி, ஒவ்வொன்றையும் அதன் அண்டைச் செயலிகளோடு இணைப்பது என்பதே திட்டம். ஒவ்வொரு செயலியும் படத்தின் ஒரு புள்ளியைக் கவனிக்கும். ஒரே கட்டளை எல்லாச் செயலிகளுக்கும் ஒரே நேரத்தில் சொல்லப்படும். அண்டையில் யாரும் கறுப்பாக இல்லையெனில் நீயும் வெள்ளையாகிவிடு என்று ஒருமுறை கட்டளையிட்டால், படம் முழுவதிலும் உள்ள தனிக்கறைகள் ஒரே அடியில் நீங்கும். பள்ளி இறைவணக்கக் கூட்டத்தில் உடற்பயிற்சி ஆசிரியர் ஒரு சொல் சொன்னதும் எல்லா மாணவர்களும் கை நீட்டித் தமக்கும் அடுத்தவருக்கும் இடையிலான தொலைவைச் சரிசெய்து கொள்வதை இதற்கு ஒப்பிடலாம். ஆசிரியர் ஒவ்வொரு மாணவரிடமும் தனித்தனியாகச் செல்வதில்லை.

இங்கேதான் மொழிச் சிக்கல் எழுகிறது. அன்றிருந்த நிரலாக்க மொழிகள் யாவும் ஒற்றைச் செயலியை மனத்தில் கொண்டு எழுந்தவை. முதலில் இது, பிறகு அது என்று வரிசையாகச் சொல்வதே அவற்றின் இயல்பு. ஆயிரம் செயலிகள் ஒரே அடியில் செய்யக்கூடிய வேலையை அம்மொழியில் எழுதினால், ஒரே நேரத்தில் நடக்கவேண்டியது வரிசையாக உடைந்துவிடும். பொறியின் ஆற்றல் மொழியில் சிக்கிக்கொள்ளும். எனவே படத்தைப் பற்றிச் சொல்வதற்கே புதிய சொல்முறை தேவைப்பட்டது.

நரசிம்மன் முன்வைத்த வழி புள்ளிகளுக்குப் பெயர்ச்சீட்டு இடுவதாகும். ஒவ்வொரு புள்ளியும் தன் அண்டையைப் பார்த்துத் தனக்கு ஒரு பெயரைச் சூட்டிக்கொள்ளும். கோட்டின் நடுப்புள்ளி, முனைப்புள்ளி, சந்திப்புள்ளி என்பன போன்ற பெயர்கள் இவ்வாறு படம் முழுவதும் ஒரே நேரத்தில் இடப்படும். பின்னர் அப்பெயர்கள் அண்டைக்கு அண்டை பரவி, ஒரே தடத்தைச் சேர்ந்த புள்ளிகளை ஒன்றாக இணைக்கும். இவ்வளவும் செயலிகளின் அணி செய்யும் வேலை. அதன்பின் படம் மறைந்து, இந்தச் சந்தியிலிருந்து இந்த முனைக்கு ஒரு தடம் என்பன போன்ற செய்திகளின் பட்டியல் எஞ்சும். அப்பட்டியலை ஆராய்வது வரிசைமுறைச் செயலியின் வேலை.

ஒரு கணக்கில் எந்தப் பகுதி ஒரே நேரத்தில் நடக்கத்தக்கது, எந்தப் பகுதி ஒன்றன்பின் ஒன்றாகவே நடக்கவேண்டியது என்று பிரித்தறிவதே பல்செயலி நிரலாக்கத்தின் முதற்பாடம். நரசிம்மனின் முறையில் அப்பிரிவு தெளிவாக இருந்தது என்பதும், அப்பிரிவைப் பொறியின் வசதியிலிருந்து அல்லாமல் படத்தின் இயல்பிலிருந்தே அவர் வருவித்தார் என்பதும் குறிப்பிடத்தக்கவை. குமிழி அறைப் படங்களைத் தேடி ஆராயும் நிரல் ஒன்றையும் அவர் இக்காலத்தில் உருவாக்கினார்.

இல்லியாக்-3 இன் கதை மகிழ்ச்சியாக முடியவில்லை. 1968 இல் ஆய்வகத்தில் ஏற்பட்ட தீ விபத்தில் பொறி அழிந்தது. மரப்பலகை மேசை ஒன்றின்மீது இருந்த மின்னழுத்தச் சீராக்கியில் நேர்ந்த குறுக்குச்சுற்றே காரணம். 1970களின் தொடக்கத்தில் மீண்டும் கட்டப்பட்டு, செயலிகளின் அணியும் இயக்கிக் காட்டப்பட்டது. ஆயினும் திட்டம் பிறகு கைவிடப்பட்டது. ஒரே கட்டளையைப் பல தரவுகளின்மீது ஒரே நேரத்தில் செலுத்தும் அதே கருத்து இன்று வரைகலைச் செயலிகளில் ஆயிரக்கணக்கான கருவங்களாக வாழ்கிறது.

படத்துக்கு இலக்கணம்

மேற்கண்ட பணியிலிருந்து நரசிம்மன் ஒரு பொதுக் கருத்தை அடைந்தார். அன்றைய உருவறிதல் ஆய்வுகள் பெரும்பாலும் வகைப்படுத்தலையே நோக்கமாகக் கொண்டிருந்தன. அதாவது, தரப்பட்ட உருவம் எந்தப் பெட்டியில் விழும் என்று மட்டும் சொன்னால் போதும் என்று கருதின. நரசிம்மன் இதை ஏற்கவில்லை. குமிழி அறைப் படத்துக்குப் பெட்டி ஏதும் இல்லை. அதில் என்ன இருக்கிறது, எது எதனோடு எவ்வாறு பொருந்தியிருக்கிறது என்று விவரிப்பதே தேவை. வாக்கியத்தைச் சொற்களாகவும் தொடர்களாகவும் பகுத்து இலக்கணம் விவரிப்பது போல, படத்தையும் உறுப்புகளாகப் பகுத்து இலக்கண விதிகளால் விவரிக்கலாம் என்றார். தொடரியல்வழி உருவறிதல் என இன்று பாடநூல்களில் இடம்பெறும் துறையின் முன்னோடிகளுள் ஒருவராக அவர் மதிக்கப்படுவது இதனால்தான். நாடு திரும்பிய பின்னர் கையால் எழுதப்பட்ட ஆங்கில எழுத்துகளை அறியவும் இம்முறையை அவர் பயன்படுத்தினார்.

படங்களுக்கு இலக்கணம் வகுக்கும் முயற்சி தமிழ்நாட்டிலும் தனித்த மரபாக வளர்ந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, இராணி சிரோமணி ஆகியோரும் கமலா கிரிதிவாசனும் 1970களில் அணி இலக்கணங்களை உருவாக்கி, கோலங்களை அவற்றால் விவரித்தனர். அவர்களின் இலக்கணங்களுள் ஒருவகையில், முதலில் கிடைவரிசை ஒன்று உருவாகும். பின்னர் எல்லா நிரல்களும் ஒரே நேரத்தில் கீழ்நோக்கி வளரும். கோலம் போடும் பெண்ணுக்கு ஒரு கைதான் உண்டு. இலக்கணத்துக்கோ நிரலுக்கு ஒரு கை.

கணினியும் மொழியும்

1967 ஆம் ஆண்டில் நிரலாக்க மொழிகளையும் கணினிகளையும் ஒரே கோட்பாட்டின்கீழ் நோக்கும் நீண்ட கட்டுரை ஒன்றை நரசிம்மன் வெளியிட்டார். கணினியின் கட்டளைத் தொகுதியும் ஒரு மொழியே. நிரலாக்க மொழி ஒவ்வொன்றும் ஒரு கற்பனைக் கணினியே. இவ்விரண்டையும் வன்பொருள், மென்பொருள் என்று வேலியிட்டுப் பிரிப்பது வசதிக்காக மட்டுமே என்பது இத்தகைய நோக்கின் உட்பொருள். இன்று இது எளிதாகத் தோன்றலாம். ஆனால் கணினி என்றால் குழல்களும் கம்பிகளும் என்றே எண்ணிய காலத்தில், அக்குழல்களையும் கம்பிகளையும் தம் குழுவோடு கட்டி முடித்த ஒருவர் இந்த முடிவுக்கு வந்தது தனிச்சிறப்பு.

1965 இல் இந்தியக் கணினிக் கழகம் தொடங்கப்பட்டபோது அதன் முதல் தலைவராக நரசிம்மன் பொறுப்பேற்று 1969 வரை பணியாற்றினார்.

மென்பொருள் மையமும் ஒரு புதிய மொழியும்

1970களில் ஐக்கிய நாடுகள் வளர்ச்சித் திட்டத்தின் உதவியோடு மென்பொருள் வளர்ச்சி மற்றும் கணிப்பு நுட்பங்களுக்கான தேசிய மையம் டாட்டா கழகத்தில் நரசிம்மனின் தலைமையில் உருவானது. மென்பொருள் என்னும் சொல்லே பலருக்குப் புதிதாயிருந்த காலத்தில் அது மையத்தின் பெயரிலேயே இடம்பெற்றது கவனிக்கத்தக்கது. இம்மையத்தில்தான் பல்செயலி நிரலாக்கத்துக்கான மொழி வடிவமைப்பு இந்தியாவில் முறையாக நடந்தது. நரசிம்மன் அம்மொழியை வடிவமைத்தவர் அல்லர். அதற்கான களத்தை அமைத்தவர் என்பதே சரி. கே. டி. நாராயணா, வி. ஆர். பிரசாத், மத்தாய் சோசப் ஆகியோர் வடிவமைத்த அம்மொழி சி.சி.என். பாஸ்கல் எனப்பட்டது. அதைப் பற்றிய அவர்களின் கட்டுரை 1979 இல் வெளியானது.

இம்மொழி எதற்காகத் தேவைப்பட்டது என்பதை அறியச் சிறிது விளக்கம் வேண்டும். இல்லியாக்-3 இல் எல்லாச் செயலிகளும் ஒரே கட்டளைக்குக் கீழ்ப்பட்டவை. பொதுவான பல்செயலிக் கணினியில் நிலைமை வேறு. ஒவ்வொரு செயலியும் தனக்கென ஒரு நிரலை இயக்கும். நினைவகம் மட்டும் எல்லாருக்கும் பொது. நினைவகத்தில் 5 என்னும் எண் இருப்பதாகக் கொள்வோம். இரு செயலிகள் ஒவ்வொன்றும் அதனோடு 1 கூட்ட விழைகின்றன. முதற்செயலி 5 ஐப் படிக்கிறது. அது எழுதுமுன் இரண்டாம் செயலியும் 5 ஐப் படித்துவிடுகிறது. இரண்டும் 6 என எழுதுகின்றன. விடை 7 ஆக இருந்திருக்க வேண்டும். இத்தகைய பிழை ஆயிரம் முறை இயக்கினால் ஒருமுறை மட்டுமே தலைகாட்டும். மறுமுறை தேடினால் அகப்படாது. நிரலாளர் அஞ்சும் பிழைகளில் இதுவே கொடியது எனலாம்.

இதைத் தடுக்க 1960களில் நெதர்லாந்து அறிஞர் எட்சர் டைக்ஸ்ட்ரா ஒரு வழி கண்டார். தொடர்வண்டிக் கைகாட்டியின் பெயரையே அதற்கு இட்டார். சென்னை – அரக்கோணம் தடத்தில் ஆவடிக்கு முன் உள்ள அண்ணனூரை எடுத்துக்கொள்வோம். அங்குள்ள மின்தொடர்வண்டிப் பணிமனையிலிருந்து வெளிவரும் வண்டி முதன்மைத் தடத்தில் ஏற வேண்டும். அத்தடத்துண்டில் வேறு வண்டி இருந்தால் கைகாட்டி சிவப்பு. வந்த வண்டி காத்திருக்கும். துண்டு காலியானதும் பச்சை. பொது நினைவகத்தைத் தொடும் நிரற்பகுதியும் இதுபோன்ற தடத்துண்டே. உள்ளே நுழையுமுன் கைகாட்டியைப் பார்க்க வேண்டும், வெளியேறும்போது அதை விடுவிக்க வேண்டும்.

குறை என்னவெனில், கைகாட்டியை விடுவிக்க நிரலாளர் ஓரிடத்தில் மறந்தாலும் எல்லா வண்டிகளும் நின்றுவிடும். பார்க்க மறந்தால் மோதல். இவ்விரு மறதிகளையும் மொழிபெயர்க்கும் நிரலால் கண்டுபிடிக்க இயலாது. ஏனெனில் மொழியைப் பொறுத்தவரை கைகாட்டியும் மற்றுமொரு மாறியே. 1970களின் முற்பகுதியில் பெர் பிரிஞ்சு ஆன்சென், டோனி ஓர் ஆகியோர் மானிட்டர் என்னும் அமைப்பை முன்வைத்தனர். பொதுத் தரவும் அதைத் தொடும் செயல்களும் ஓர் அறைக்குள் வைக்கப்படும். அறைக்குள் ஒரு நேரத்தில் ஒருவரே செல்லலாம். பூட்டுவதையும் திறப்பதையும் மொழியே பார்த்துக்கொள்ளும். அறைக்கு வெளியிலிருந்து யாரும் தரவைத் தொட முயன்றால் நிரல் இயங்கும் முன்பே பிழை சுட்டப்படும். பிரிஞ்சு ஆன்சென் 1975 இல் இதைப் பாஸ்கல் மொழியோடு இணைத்தார்.

அவர் அதில் எழுதிய இயக்குதளம் ஒற்றைச் செயலி கொண்ட கணினியில் ஓடியது. ஒற்றைச் செயலியில் பல வேலைகள் ஒரே நேரத்தில் நடப்பது போன்ற தோற்றம் மட்டுமே உண்டு. உண்மையில் செயலி மாறி மாறி ஒவ்வொன்றையும் கவனிக்கிறது. ஒருகணம் இடைமறிப்புகளை நிறுத்திவிட்டால் வேறு எவரும் குறுக்கிட முடியாது. பல செயலிகள் இருக்கும்போது அந்தத் தந்திரம் பயன்படாது, ஏனெனில் அடுத்த செயலி தன்போக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். மேலும் அறை பெரிதாக இருந்தால் மற்றச் செயலிகள் வாசலில் காத்துக்கிடக்கும். அப்படியானால் பல செயலிகளை வாங்கிய செலவு வீண். அறைகளைச் சிறிதுசிறிதாக உடைத்தால் பூட்டித் திறப்பதிலேயே நேரம் போய்விடும். பிழையின்மை, விரைவு ஆகிய இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கும் இவ்விடத்தில்தான் மொழி வடிவமைப்பாளரின் திறமை தெரியும்.

மும்பைக் குழு இச்சிக்கலை ஏட்டளவில் விட்டுவிடவில்லை. பல்செயலிக் கணினிக்கான இயக்குதளம் ஒன்றையே சி.சி.என். பாஸ்கலில் எழுதியது. அவ்வியக்குதளத்தின் வடிவமைப்பையும் ஆக்கத்தையும் விளக்கி மத்தாய் சோசப், பிரசாத், நடராசன் ஆகிய மூவரும் எழுதிய நூலை 1984 இல் பிரெண்டிசு ஆல் நிறுவனம் வெளியிட்டது. இயக்குதளங்களைக் கீழ்நிலைப் பொறிமொழியில் எழுதுவதே இயல்பாயிருந்த நாளில், உயர்நிலை மொழி ஒன்றை முதலில் வடிவமைத்து, அதிலேயே பல்செயலி இயக்குதளத்தை எழுதிக் காட்டியது இந்தியாவுக்கு வெளியிலும் அரிய முயற்சியே. இப்பணி நம் மாணவர்களிடையே போதிய அளவு அறியப்படவில்லை என்பதே இக்கட்டுரையாளரின் எண்ணம்.

மையம் 1980களில் மென்பொருள் தொழில்நுட்பத்துக்கான தேசிய மையம் என்னும் தனி நிறுவனமாயிற்று. 2003 இல் உயர்கணிப்பு வளர்ச்சி மையமான சி-டாக்குடன் இணைக்கப்பட்டது.

சி.எம்.சி. நிறுவனம்

1975 ஆம் ஆண்டில் இந்திய அரசு கணினிப் பராமரிப்புக் கழகம் என்னும் நிறுவனத்தைத் தொடங்கியது. பின்னாளில் சி.எம்.சி. என வழங்கிய இந்நிறுவனத்தின் உருவாக்கத்தில் நரசிம்மன் முக்கியப் பங்காற்றினார். ஐ.பி.எம். நிறுவனம் 1978 இல் இந்தியாவை விட்டு வெளியேறியபோது, நாடெங்கும் அது நிறுவியிருந்த கணினிகளைப் பராமரிக்கும் பொறுப்பு சி.எம்.சி.யிடம் வந்தது. கணினிகளைக் கட்டவும் எழுதவும் தெரிந்தவர்கள் நாட்டுக்குள் இருந்ததால்தான் இவ்வெளியேற்றம் பெரும் நெருக்கடியாக மாறவில்லை எனலாம்.

பொதுமக்கள் அறிந்த சி.எம்.சி.யின் பணி தொடர்வண்டி முன்பதிவு ஆகும். 1985 இல் தில்லியில் தொடங்கிய கணினிவழி முன்பதிவு, பின்னர் சென்னை உள்ளிட்ட பிற பெருநகரங்களுக்கும் பரவியது. மேலே சொன்ன 5, 6, 7 சிக்கல் இங்கே உயிரோடு எழுந்து நிற்கிறது. ஒரு வண்டியில் ஒரே ஒரு படுக்கை இடம் எஞ்சியுள்ளது. இரு முகப்புகளில் இருவர் ஒரே நொடியில் அதைக் கேட்கின்றனர். இருவருக்கும் சீட்டுக் கொடுத்துவிட்டால் சண்டை வண்டியில் நடக்கும். கையெழுத்துப் பேரேட்டுக் காலத்தில் பேரேடு ஒருவர் கையில் மட்டுமே இருக்க முடியும் என்பதால் இச்சிக்கல் எழவில்லை. அதற்கு விலையாக நீண்ட வரிசையில் மக்கள் நின்றனர். முன்பதிவு அமைப்பை நரசிம்மன் வடிவமைக்கவில்லை. அவர் ஊன்றிய நிறுவனம் அதைச் செய்தது.

சி.எம்.சி.யின் பெரும்பான்மைப் பங்குகளை 2001 இல் டாட்டா குழுமம் வாங்கியது. 2015 இல் அந்நிறுவனம் டாட்டா கன்சல்டன்சி சர்வீசசுடன் இணைந்தது.

மொழி நடத்தை பற்றிய ஆய்வு

இயற்கை மொழி மீதான ஆர்வம் நரசிம்மனின் பிற்காலத்தை முழுமையாக ஆட்கொண்டது. குழந்தை மொழியைக் கற்பது எவ்வாறு என்பதை அவர் ஆராய்ந்தார். மொழியை விதிகளின் தொகுப்பாக மட்டும் நோக்காமல், கேட்பது, சொல்வது, ஏவுவது என மனிதர் ஒருவரோடொருவர் நிகழ்த்தும் நடத்தையாக நோக்கவேண்டும் என்பது அவரது நிலைப்பாடு. இதை விளக்கும் அவரது நூல் 1981 இல் இசுபிரிங்கர் வெளியீடாக வந்தது. 1998 இல் மொழி நடத்தையின் படிமலர்ச்சி வரலாறு குறித்தும், 2004 இல் எழுத்தறிவு என்றால் என்ன என்பது குறித்தும் நூல்கள் எழுதினார். பின்னதில் மேலைநாட்டு எழுத்தறிவு மரபையும், வாய்மொழியாகவே பெரும் நூல்களைக் காத்துவந்த இந்திய மரபையும் ஒப்பிட்டார். செயற்கை நுண்ணறிவு பற்றிய நூலும் அதே காலத்தில் வெளிவந்தது.

பொறியியலில் தொடங்கியவர் குழந்தையின் மழலையில் வந்து நின்றது சிலருக்கு விந்தையாகத் தோன்றலாம். குமிழி அறைப் படத்துக்குப் பெயர்ச்சீட்டு இட்ட நாளிலிருந்தே அவர் கேட்டுவந்த கேள்வி ஒன்றே என்பதை மேற்கண்டவை காட்டும்.

மறைவு

டாட்டா கழகத்திலிருந்து 1990 இல் ஓய்வு பெற்றபின் நரசிம்மன் பெங்களூரில் வாழ்ந்தார். 2007 ஆம் ஆண்டு செப்டம்பர் 3 அன்று தமது 81 ஆம் அகவையில் காலமானார். பெர் பிரிஞ்சு ஆன்சென் அதற்கு ஐந்து வாரங்களுக்கு முன், அவ்வாண்டு சூலை 31 அன்று மறைந்திருந்தார்.